அளவுச் சட்டை

அன்றைக்குக் காலையிலிருந்து நான் என் வாயைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று. எங்கள் பனிச்சங்கேணிக்கு மீன் எடுக்க வருகிற யாவாரிகள்கூட "இரத்தினம்மாக்கா நிக்காவா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்கள். அப்படிப்பட்ட நான், என் அக்காள் மகள் தக்சிகாவுக்குக் கூறைச் சேலை எடுக்கப் போகிற நாளில், எது நடந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது என்று முடிவெடுத்திருந்தேன். இந்தக் கலியாணம் குழம்பக்கூடாது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஏற்கெனவே ஒன்று குழம்பிப் போயிருந்தது. நிச்சயம் செய்ய வந்த மாப்பிள்ளையின் மாமன் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கையை முறித்துக்கொண்டான். குடித்துவிட்டு ஓடினவன் விழாமல் என்ன செய்வான்? ஆனால் பழி எங்கள் பிள்ளையின் தலையில் விழுந்தது. ராசியில்லாதவள் என்றார்கள். அந்தப் பேச்சு வாகரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் படலையைத் திறந்து பெண் கேட்க ஒருத்தரும் வரவில்லை. தாயில்லாப் பிள்ளை, நான் தூக்கி வளர்த்தவள், முப்பது வயதாகியும் வீட்டில் இருந்தாள். எனக்கு நெஞ்சு எரியாதா?

அப்போதுதான் தரகர் குஞ்சித்தம்பி களுவாஞ்சிக்குடி மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். பெயர் உதயரூபன். வயல், உழவு மெசின், கல்வீடு எல்லாம் இருக்கிறது, முதல் கலியாணம், தாயும் மகனும் மட்டும்தான் என்றார். களுவாஞ்சிக்குடி எங்களுக்குத் தெற்கே எவ்வளவோ தூரம். விசாரிக்க அங்கே எங்களுக்கு ஒரு காகம்கூட இல்லை. குஞ்சித்தம்பி சொன்னதுதான் எங்களுக்கு வேதம்.

ஒன்றே ஒன்று என்னை முள்ளாய்க் குத்தியது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. பெண் பிறந்தால் வீடு அவளுக்கு; கட்டினவன் வந்து அவளோடு இருப்பான். ஆனால் மாப்பிள்ளையின் தாய் ஞானமணி, "உங்கட வீடு இன்னும் கூரை போட்டு முடியல்லயே மச்சாள், புள்ள எங்களோட வந்து இருக்கட்டும்," என்று சொன்னாள். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூரை முடியாதது உண்மைதானே என்று விழுங்கிக்கொண்டேன்.

கூறையும் அதற்குச் சட்டையும் மாப்பிள்ளை வீட்டார் செலவு. அதனால் நிச்சயத்தன்றே ஞானமணி பிள்ளையின் அளவுச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனாள். தக்சிகாவின் கத்தரிப்பூ நிறச் சட்டையை மடித்துக் கொடுத்தேன். கொடுக்க முன்னம் போட்டுப் பார்க்கச் சொன்னால், அது தொளதொளவென்று நின்றது. பேச்சுத் தொடங்கினதிலிருந்து பெட்டை மெலிந்துபோயிருந்தாள். "மாப்பிள்ளட நினைப்பில சோறு இறங்குதில்ல," என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பகிடி பண்ணினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கைமெசினை எடுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தையல் உள்ளே பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

சரி, அன்றைய நாளுக்கு வருகிறேன்.

காத்தான்குடிப் பெரிய தெருவில் சேலை எடுப்பதென்று பேச்சு. ஞானமணி தன் ஊரிலிருந்து வான் வண்டியில் வருவாள்; நாங்கள் வடக்கிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேருவது. பஸ் ஏறினதும் தக்சிகாவின் போன் அடித்தது. உதயரூபன் முகம் தெரிய எடுத்திருந்தான். பக்கத்தில் யார் இருப்பது என்று கேட்டான். அவள் போனை என் பக்கம் திருப்பினாள்.

"மாமி, சுகமா?" என்றான் சிரித்துக்கொண்டு. பிறகு அவளிடம், "யன்னல் பக்கம் இருக்காத. இஞ்சால மாறி இரு," என்றான்.

அவள் எழும்பி இடம் மாறி இருந்தாள். எனக்கு அப்போது அது பிடித்துத்தான் இருந்தது. காற்றுப் படாமல் பார்க்கிறான், என்ன அக்கறை என்று நினைத்தேன். அவள் பாலர் பள்ளிக்கூட வேலையை விட்டதும் அவன் சொல்லித்தான். வெயிலில் அலையவேண்டாம் என்றானாம். வழியில் பிட்டுப் பொதியை அவிழ்த்து நீட்டினேன். "பசிக்கல்ல சின்னம்மா," என்று தள்ளிவிட்டாள். வாழைச்சேனையில் ஒரு தரம், மட்டக்களப்பில் பஸ் மாறும்போது ஒரு தரம் அவன் மறுபடியும் எடுத்தான். அவள் போனைச் சுற்றிலும் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

காத்தான்குடியில் இறங்கும்போது அவளுடைய செருப்பு வார் அறுந்தது. கூறை எடுக்கப் போகிற காலில் செருப்பு அறுந்தால்! யாரும் பார்க்க முன்னம் என் சேலையிலிருந்த ஊசியைக் கழற்றி வாரைக் குத்திப் பொருத்தினேன். நிமிர்ந்தால், எதிரில் வானோடு சாய்ந்து ஞானமணி நிற்கிறாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"அது... பழைய செருப்பு மச்சாள்," என்று இளித்தேன்.

"செருப்புத்தானே," என்றாள் ஞானமணி. "அதுக்கென்ன."

அப்பாடா என்றிருந்தது. நல்ல மனுசி, சகுனம் பார்க்காத மனுசி என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

கடையின் மேல்மாடியில் கூறைகளை விரித்துப் போட்டார்கள். அரக்குச் சிவப்பில் அகலக் கரை போட்ட ஒன்றை ஞானமணி பார்த்தவுடன் எடுத்தாள். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. மறுபடியும் போனில் வந்திருந்த உதயரூபனும் கேட்கவில்லை; தாய்க்குச் "சரி" என்றான், அவ்வளவுதான். விற்கிற பெண் சேலையைத் தக்சிகாவின் தோளில் போட்டுத் தரைவரை விழ விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

யன்னல் இல்லாத மாடி. கும்மிருட்டு. யாரோ யாரிலோ முட்டினார்கள். பிள்ளை ஒரு அடி பின்னுக்கு வைத்திருக்கவேண்டும். "சர்" என்று ஒரு சத்தம் கேட்டது. துணி விற்கிற இடத்தில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் விளங்கும்.

ஜெனரேட்டர் போட்டு வெளிச்சம் வந்ததும் பார்த்தோம். கூறையின் கரை, செருப்பில் நான் குத்திய ஊசியில் மாட்டி, இழை இழுபட்டு ஒரு முழத்துக்குக் கீறிக் கிடந்தது. கண்ணகையம்மா! என் கையாலேயே குத்தின ஊசி! பிள்ளை அசையாமல் நின்றாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

"வேற எடுத்துத் தாறன்," என்றாள் விற்கிற பெண் அவசரமாக. "கூறையில இழை போனா ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க."

ஞானமணி குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவினாள். அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'இந்தச் சம்பந்தம் சரிவராது' என்ற ஒரு சொல். அதைக் கேட்கக் காதை ஆயத்தப்படுத்திக்கொண்டு நின்றேன்.

"இதையே போடுங்க," என்றாள் ஞானமணி.

"இல்லம்மா, வேற இருக்கு..."

"ஒரு நாளைக்குக் கட்டுறதுதானே. இதையே போடுங்க."

எனக்கு அழுகை வரும்போல் சந்தோசம். வேறு எந்த மாப்பிள்ளையின் தாயாக இருந்தாலும் அந்த இடத்திலேயே வானைத் திருப்பியிருப்பாள். அப்படி நினைத்த அந்த நினைப்பே பிறகு என்னைச் சுரண்டத் தொடங்கியது. ஏன் திருப்பவில்லை? ஒற்றை மகனின் கலியாணக் கூறை. அது கீறிப்போனால் பெற்ற வயிறு பதறவேண்டாமா? என்ன நடந்தாலும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அப்படி என்ன இருக்கிறது எங்கள் பிள்ளையில்? 'வாயை மூடு இரத்தினம்மா, கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளாதே' என்று என்னையே நான் அதட்டினேன்.

காசு கொடுக்கிற இடத்தில் விற்கிற பெண், "சட்டை தைக்கிறதெண்டா பின் ஒழுங்கையில பஹீமாத்தாட்டக் குடுங்க. சுறுக்காத் தருவாங்க," என்றாள்.

"அவட்ட ஒண்ணா," என்றாள் ஞானமணி உடனே. "துணியக் கெடுத்துப்போடுவா." பிறகு என்னைப் பார்க்காமலே தன் கைப்பையிலிருந்து ஒரு சொப்பின் பேக்கை எடுத்து நீட்டினாள். "சட்டைத் துணியையும் இதையும் கொண்டுபோங்க மச்சாள். அளவுச் சட்டை உள்ள இருக்கு. எங்கட ஊர்த் தையல்காரி இப்ப தைக்கிறல்ல. நீங்க போற வழியில டவுன்ல குடுங்க."

சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். பிளேன்டீ வந்தது. தக்சிகா கோப்பையைத் தூக்க, ஞானமணி பையை எடுக்கத் திரும்ப, முழங்கை பட்டுத் தேத்தண்ணீர் முழுவதும் பிள்ளையின் சட்டையில் கொட்டியது. இனி என்னதான் மிச்சம் என்றிருந்தது எனக்கு. வெந்து போனதா என்று நான் பதற, ஞானமணி துடைத்துவிட்டபடி சொன்னாள்:

"இந்தக் கோலத்தில பஸ்ஸில போகேலாது. நான் வீட்ட கூட்டிப்போய் உடுப்பு மாத்திவிடுறன். அப்பிடியே ஆசாரியிட்டக் காப்புக்கும் அளவு குடுத்திடலாம். விளக்கு வைக்க முன்னம் வானில கொண்டுவந்து பஸ் ஸ்ராண்டில விடுறன்."

தாலி ஏற முன்னம் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி மிதிப்பதா? எங்கள் சனத்தில் கேள்விப்படாத சங்கதி. வாயைத் திறந்தேன். நானும் வாறன் என்று சொல்லத்தான் திறந்தேன். "நீங்க சட்டையக் குடுக்கிற வேலையப் பாருங்க மச்சாள், நாள் கிட்டுது," என்றாள் அவள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். செருப்பும் கூறையும் ஏற்கெனவே எங்கள் கணக்கில் நிற்கின்றன. மூன்றாவதாக என் வாயும் சேர்ந்து கெடுக்கவேண்டாம் என்று பயந்தேன்.

வான் புறப்பட்டபோது தக்சிகா கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். கை காட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

தனியே தெருவில் நின்றதும் காலையிலிருந்து அடக்கி வைத்த கோபமெல்லாம் கிளம்பியது. இவ யார் எனக்கு எங்கே தைப்பதென்று சொல்ல? கைக்கெட்டின தூரத்தில் ஒழுங்கை இருக்க, நான் ஏன் டவுனுக்குத் துணியைக் காவவேண்டும்? எனக்கு ஒருத்தர் ஒன்றைச் செய்யாதே என்றால் அதைச் செய்யாமல் அன்றைக்குத் தூக்கம் வராது. நேரே கடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சிறு ஒழுங்கைக்குள் நடந்தேன்.

பஹீமா என் வயதுக்காரி. வீட்டு முன் அறையில் மெசின் போட்டிருந்தாள். "வாங்க அக்கா, இரிங்க," என்று கதிரையைத் தள்ளிவிட்டாள். நான் சட்டைத் துணியைக் கொடுத்துவிட்டுச் சொப்பின் பேக்குக்குள் கையை விட்டேன்.

வந்தது பச்சைச் சட்டை.

நான் கொடுத்தது கத்தரிப்பூ நிறம். இது எங்களுடையது அல்ல. ஞானமணியினதா என்று பார்த்தால் அவளுடைய ஒரு கைகூட இதற்குள் நுழையாது. இது ஒரு பெண்பிள்ளையின் சட்டை. மெல்லிசான ஒருத்தியின் சட்டை. அந்த வீட்டில்தான் வேறு பெண் கிடையாதே?

"மாறி எடுத்துத் தந்திட்டா போல," என்று சொல்லிக்கொண்டே சட்டையை உட்புறமாகப் புரட்டினேன். தைக்கத் தெரிந்த கை தானாகப் புரட்டும். பக்கத் தையலைப் பார்த்தேன். ஒரு தையல். அதற்கு உள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே இன்னொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு நூல். அறுவடைக்குப் பிறகு குளத்தில் தண்ணீர் வற்றவற்றக் கரையில் கோடு விழுமே, அப்படி. யாரோ ஒருத்தி மெலிந்துகொண்டே போயிருக்கிறாள். சட்டையும் அவளோடு சுருங்கிக்கொண்டே போயிருக்கிறது.

பஹீமா அதை என் கையிலிருந்து வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் மாறியது.

"இது என்ட தையல் அக்கா," என்றாள். "இது எப்பிடி உங்கட கைக்கு வந்த?"

"எங்கட சம்மந்தி தந்தா. களுவாஞ்சிக்குடி."

"ஞானமணியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"யா அல்லாஹ்," என்றாள் பஹீமா. எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள். "இது சுதர்சனாட சட்டை. அவட மகன்ட பொஞ்சாதி. கலியாணத்துக்கு நான்தான் தைச்சுக் குடுத்த. மறுகா ஒவ்வொரு தரமும் மாமியார் கூட்டிக்கு வருவா, 'கொஞ்சம் உள்ளுக்குப் புடிங்க' எண்டு. அந்தப் புள்ள வாயே திறக்காது. கடைசியா வந்த நேரம் நான் கேட்டன், 'என்ன மகள் வருத்தம், டொக்டரிட்டக் காட்டினயா' எண்டு. அது மாமியாரப் பார்த்திச்சு. மாமியார் சொன்னா, 'மகனுக்கு மெல்லிசா இருந்தாத்தான் புடிக்கும்' எண்டு. அதுக்குப் புறகு இந்தப் பக்கம் வரல்ல."

"இப்ப அந்தப் புள்ள எங்க?" என்று கேட்டேன்.

"போன மாரி மழைக்க கிணத்துல விழுந்திட்டெண்டாங்க. தண்ணி அள்ளப் போனதாம்." பஹீமா சட்டையைப் பார்த்தாள். "இந்த உடம்பு வாளி இழுக்குமா அக்கா?"

முதல் கலியாணம் என்று சொன்ன குஞ்சித்தம்பியின் வாயில் புற்று வைக்க! அந்த ஆத்திரம்கூட எனக்கு ஒரு நொடிதான் வந்தது. அடுத்த நொடி வேறொன்று ஞாபகம் வந்தது. கத்தரிப்பூச் சட்டை. இரண்டு பக்கமும் நான் உள்ளே பிடித்த தையல். எங்கள் பிள்ளைக்கு முதல் கோடு விழுந்தாகிவிட்டது. என் கைமெசினில், என் கண் முன்னால், நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டது.

தக்சிகாவுக்குப் போன் எடுத்தேன். நிறுத்தி வைத்திருந்தது. ஞானமணிக்கு எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எடுத்தேன். "புள்ள சாப்பிடுறாள். நாங்க கொண்டுவந்து விடுறம்தானே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பஹீமாவே தெரிந்த ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டுவிட்டாள். நான் பச்சைச் சட்டையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஏறினேன். ஆரையம்பதி போனது, குருக்கள்மடம் போனது, ஒன்றும் கண்ணில் படவில்லை. வழியெல்லாம் 'என்ட அம்மாளே, என்ட அம்மாளே' என்பதைத் தவிர வேறு பிரார்த்தனை வாயில் வரவில்லை. களுவாஞ்சிக்குடியில் உழவு மெசின் வைத்திருக்கிற உதயரூபன் வீடு எது என்று ஒரு கடையில் கேட்டோம். கடைக்காரர் கையைக் காட்டினார். காட்டிவிட்டு, "நீங்க பொண் பகுதியா?" என்று கேட்டார். ஓம் என்றதும் உள்ளே போய்விட்டார்.

வாவிப் பக்கம் பார்த்த கல்வீடு. சுத்தமான முற்றம். முற்றத்தின் ஓரத்தில் கிணறு. அதன் வாய்க்கு இரும்புக் கம்பியில் புது மூடி போட்டுப் பூட்டியிருந்தது. பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. பச்சைச் சட்டையை ஆட்டோவுக்குள்ளேயே வைத்து, ஆட்டோக்காரரிடம், "கேற்ற விட்டு அசையாதீங்க தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன்.

மேசையில் தக்சிகா இருந்தாள். மஞ்சள் சட்டை ஒன்று போட்டிருந்தாள். எங்களுடையது அல்ல, தோளில் இறுகி நின்றது. எதிரே உதயரூபன். வடிவானவன், கோபமே இல்லாத முகம். பிள்ளையின் முன்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு இருந்தது. நான் பார்க்க ஒரு வாய் வைத்துவிட்டு, அவள் இரண்டாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோனாள்.

"காணும், போதும்," என்றான் அவன் மெதுவாக.

அவள் கையிலிருந்த சோற்றைக் கோப்பையிலேயே போட்டாள். கையைத் துடைத்தாள். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. பழகின காரியம்போல் நடந்தது. இத்தனை மாதமும் என் வீட்டில், என் அடுப்படியில், "பசிக்கல்ல சின்னம்மா" என்று அவள் சொன்னபோதெல்லாம் அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஞானமணி குசினிக்குள்ளிருந்து வந்தாள். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. நான் அந்த மஞ்சள் சட்டையைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"வீட்டில கிடந்த. கொஞ்சம் சின்னதுதான்," என்றாள். "இருக்க இருக்கச் சரியாகும்."

சத்தம் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. எங்களுக்கும் கதவுக்கும் நடுவில் அவன் எழும்பி வந்து நின்றான். சுதர்சனாவின் பெயர் என் நாக்கின் நுனியில் நின்றது. அதைச் சொன்னால் இந்த வாசலைத் தாண்டமாட்டோம் என்று உள்ளே ஏதோ சொன்னது. அன்றைக்கு முழுக்க நான் மூடி மூடி மறைத்தவைதான் அப்போது எனக்குக் கை கொடுத்தன.

"மச்சாள், நான் இவளக் கூட்டிக்குப் போக வந்தன்," என்றேன். "செருப்பு அறுந்த. கூறை கிழிஞ்ச. தேத்தண்ணி கொட்டின. தாலி ஏற முன்னம் படி மிதிச்சிட்டாள். எங்கட பக்கம் இப்பிடி நடந்தா நாள் வைக்கிறல்ல. இந்தக் கலியாணம் வேணா."

"நான்தான் பரவால்ல எண்டனே," என்றாள் ஞானமணி.

"உங்களுக்குப் பரவால்ல. எங்கட கண்ணகையம்மாளுக்குப் பரவாயிருக்கு. புள்ள ராசியில்லாதவள். ஊரே சொல்லுது. விசாரிச்சுப் பாருங்க."

எந்தச் சொல் பிள்ளையின் தலையில் விழக்கூடாது என்று வருசக்கணக்காகச் சண்டை பிடித்தேனோ, அதை நானே எடுத்து அவள் தலையில் வைத்தேன். "எழும்பு புள்ள," என்றேன்.

தக்சிகா எழும்பவில்லை. அவனைப் பார்த்தாள். எழும்பலாமா என்று அவனைப் பார்த்தாள்!

நான் போய் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். பிடித்த கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. வாசலில் உதயரூபன் வழி மறித்து நின்றான். வெளியே ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார், விடாமல் அடித்தார். பக்கத்து வளவில் ஒரு பெண் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், ஒரு பக்கம் ஒதுங்கினான்.

"மாமி, நான் போன் எடுக்கிறன்," என்றான் என் காதருகே. அந்தக் குரலும் மெதுவாகத்தான் இருந்தது.

ஆட்டோ வழி தெரியாமல் தெற்கே கல்லாற்றுப் பக்கம் திரும்பி, பிறகு வடக்கே கிறுகியபின்தான் எனக்கு மூச்சு வந்தது. "உன்ட போன் எங்க?" என்று கேட்டேன்.

"அவர் வாங்கி வச்சிட்டார் சின்னம்மா."

கத்தரிப்பூச் சட்டையும் அங்கேதான் கிடந்தது. அந்த வீட்டு அலுமாரி எதற்குள்ளோ, பச்சைச் சட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்தில். நான் பச்சையை அவளுடைய மடியில் புரட்டி வைத்தேன். அவள் அந்தத் தையல் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள். கடைசிக் கோட்டில் விரல் நின்றது. அவளுக்கும் தைக்கத் தெரியும், நான்தான் பழக்கினேன்.

"இது ஆர்ர சின்னம்மா?"

"உனக்கு முன்னம் அந்த மேசையில இருந்தவள்ட."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு. ஒரு பேக்கரிக் கடையடியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிப் பணிஸ் வாங்கி அவள் கையில் திணித்தேன். காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒரு வாய்ச் சோறு மட்டும்தான். பணிஸை அவள் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். அந்த நேரம் என் போன் அடித்தது. உதயரூபனின் முகம் திரையில் தெரிந்தது.

அவள் பணிஸைக் கீழே இறக்கினாள்.

"சின்னம்மா," என்றாள், "சாப்பிடட்டா?"

நான் போனை நிறுத்தினேன். "தின்னு என்ட கிளி, தின்னு," என்றேன். அவள் ஒரு கடி கடித்தாள். மென்று விழுங்குகிறவரைக்கும் அவளுடைய கண் அந்தப் போனிலேயே இருந்தது.